பேராயர் லெனர்ட் வில்சன்: சாங்கிச் சிறை கண்ட ஒரு வாழ்க்கை

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். "மன்னர், கோட்டை, படையெடுப்பு என்று வேண்டாம் ஐயா. அதையெல்லாம் பிள்ளைகள் பாடப்புத்தகத்திலேயே படித்துச் சலித்துவிட்டார்கள். நம்ம பக்கத்தில் நடந்ததாக இருக்கட்டும்" என்றும் சொன்னார்கள். நம்ம பக்கம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஜப்பான்காரன் காலம்தான். எங்கள் தோட்டத்தில் வயதானவர்கள் எதைப் பேசினாலும் "அது ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி", "இது ஜப்பான்காரன் போனதுக்கு அப்புறம்" என்றுதான் கணக்குச் சொல்வார்கள். அந்த மூன்றரை ஆண்டுகளை வைத்தே அவர்களுக்கு முன்னும் பின்னும் இருந்தன.

நான் எழுத வந்தது ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரைப் பற்றி. தமிழ்ப்பள்ளி மலரில் இவர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நான் கிறிஸ்துவன் அல்லன். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பானகம் குடித்து வளர்ந்தவன். ஆனாலும் இந்த மனிதரின் கதையைப் படித்த நாள் முதல் அது என்னை விட்டபாடில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஆயா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜான் லெனர்ட் வில்சன் இங்கிலாந்தின் வடக்கே கேட்ஸ்ஹெட் என்னும் ஊரில் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் பிறந்தவர். தந்தையாரும் திருச்சபை ஊழியரே. முதல் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றிவிட்டு ஆக்ஸ்போர்டில் படித்தார். 1924-இல் குருப்பட்டம் பெற்றுக் காவன்ட்ரி பேராலயத்தில் உதவிக் குருவாகச் சேர்ந்தார். பிறகு சில காலம் எகிப்தில் இருந்தார். அதன்பின் மறுபடியும் வட இங்கிலாந்துக்கு வந்தார். கப்பல் பட்டறைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் வேலையின்றி முடங்கிக் கிடந்த காலம் அது. வேலையிழந்த தொழிலாளிகளுக்கு நடுவே சில ஆண்டுகள் பணி செய்தார். 1938-இல் ஹாங்காங் நகரின் செயின்ட் ஜான்ஸ் பேராலயத்துக்குத் தலைமைக் குருவாக வந்து சேர்ந்தார். 1941 ஜூலையில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராக, அதாவது பிஷப்பாக, அருட்பொழிவு பெற்றார். அந்தக் காலத்தில் சிங்கப்பூர்ப் பேராயர் என்றால் சிங்கப்பூருக்கு மட்டும் அல்ல. மலாயா முழுவதும், சயாம், ஜாவா, சுமத்ரா எல்லாம் அவர் பார்வையில்தான். நம் மலாயாத் தோட்டங்களில் இருந்த ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபைகளுக்கும் அவரே தலைவர்.

பதவி ஏற்று ஐந்து மாதம்கூட முழுதாக ஓடவில்லை. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. எழுபது நாளில் எல்லாம் முடிந்தது. 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாளன்று, சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்தக் கடைசி நாட்களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் அவசர மருத்துவமனையாகிவிட்டது. பெஞ்சுகளை அகற்றிவிட்டு அடிபட்டவர்களைக் கிடத்தினார்கள்.

அந்தப் பேராலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1856 முதல் 1862 வரை கட்டப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேர்த்து அரைத்து, பூசி, வழவழவென்று தேய்த்தார்களாம். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். கை நம்முடையது, கட்டடம் அவர்களுடையது. நம் சரித்திரத்தில் இது புதிதா என்ன!

பிஷப் வில்சன் தம் மனைவியையும் பிள்ளைகளையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தங்கினார். வெள்ளைக்காரர்கள் அனைவரையும் ஜப்பானியர் சாங்கிக்கு நடத்திச் சென்றபோது, அவரை மட்டும் இன்னும் இரண்டு பாதிரிமாரோடு வெளியே விட்டுவைத்தார்கள். அதற்குக் காரணமும் ஒரு ஜப்பானியரே. லெப்டினன்ட் ஒகாவா என்று பெயர். அவரும் ஆங்கிலிக்கன் கிறிஸ்துவர். கல்வி, சமய விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரி. அவர் கொடுத்த அனுமதியால் ஓராண்டுக்கு மேல் பிஷப் ஊருக்குள் நடமாடினார், ஆராதனை நடத்தினார், மற்றச் சபைக்காரர்களோடும் கூடிப் பேசினார். ஜப்பான்காரன் என்றால் எல்லாரும் ஒரே அச்சு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஒகாவாவையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தை எடை போடவேண்டியிருக்கிறது.

இந்தக் காலத்தில் வில்சன் செய்த ஒரு காரியம் முக்கியமானது. தமக்கும் ஒரு நாள் சிறைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே சபையை நடத்தும் பொறுப்பை ஆசியக் குருமார்களிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தார். அவர்களில் தலைமைப் பொறுப்பு ஏற்றவர் நம்மவர்: டாக்டர் டி. டி. செல்லையா அவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி ஆசிரியர், குரு, லண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற கல்விமான். நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை வரலாற்றை ஆராய்ந்தவர் அவர். அந்த ஆராய்ச்சி 1947-இல் நூலாக வந்தது. அதன் தலைப்பிலேயே தாய்மொழிகளை அடிப்படையாகக் கொண்ட ஒரு புதிய கல்விமுறைக்கான பரிந்துரை இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்காரர்களாகிய நாம் மறந்துவிட்ட பெயர்களில் இதுவும் ஒன்று. தாய்மொழிக் கல்வியைப் பற்றி இன்றைக்கு மேடைக்கு மேடை முழங்குகிறோம். அன்றைக்கே புத்தகம் எழுதி வைத்தவரை எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைக்காரர்கள் கையில் இருந்த சபை ஆசியர் கைக்கு வந்தது போரின் நெருக்கடியில்தான். வேறு ஒரு காலமாக இருந்தால் இன்னும் இருபது வருடம் இழுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

1943 மார்ச் மாதம் பிஷப்பும் சாங்கிச் சிறைக்குப் போனார். 600 பேருக்கென்று கட்டிய சிறை அது. அதில் 3,000-க்கு மேற்பட்ட ஐரோப்பியக் குடிமக்களை அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே பசியும் பிணியும். வெளியே இருந்த நல்லவர்கள் சிலர் இரகசியமாகப் பணமும் மருந்தும் அனுப்பினார்கள். வானொலிப் பாகங்களும் போயின. சிறைக்குள் ஒளித்து வைத்த வானொலியில் செய்தி கேட்டு ஒருவர் காதுக்கு ஒருவர் கடத்தினார்கள். வெளியிலிருந்து உதவியவர்களில் சோய் குன் ஹெங், அவர் மனைவி எலிசபெத் சோய் இருவரும் இருந்தார்கள். மனநல மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்திவந்தார்கள். எலிசபெத் அம்மையாரும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர்தான்.

இதற்கிடையில் செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு சம்பவம். மேஜர் ஐவன் லயன் என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு ஆஸ்திரேலியாவிலிருந்து 'கிரெய்ட்' என்ற பழைய மீன்பிடிப் படகில் வந்து, மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டுச் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் நுழைந்தது. இருட்டோடு இருட்டாகக் கப்பல்களின் அடியில் வெடிகளை ஒட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. விடியும் நேரத்தில் ஏழு கப்பல்கள் அடி வாங்கின. இப்படி ஒரு காரியம் ஆஸ்திரேலியாவிலிருந்து நடக்கும் என்று ஜப்பானியரால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. உள்ளூர்ச் சதி, அதுவும் சாங்கிச் சிறைக்குள்ளிருந்து நடத்தப்பட்ட சதி என்று முடிவு கட்டினார்கள். கப்பலை உடைத்தவன் கடல் கடந்து போய்விட்டான். அடி விழுந்ததோ ஒன்றும் அறியாதவர்கள் மேல்.

1943 அக்டோபர் 10-ஆம் நாள் காலையில் கெம்பித்தாய் என்னும் இராணுவப் போலீஸ் சாங்கிச் சிறையைச் சுற்றி வளைத்தது. பத்தாம் மாதம் பத்தாம் நாள். ஆகவே 'இரட்டைப் பத்து' என்று சரித்திரத்தில் பெயர் நிலைத்துவிட்டது. சீனக் குடியரசுப் புரட்சி வெடித்த நாளும் அதுவே. எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு மூலை முடுக்கெல்லாம் சோதித்தார்கள். அன்றும் அதற்குப் பின்னும் 57 பேரைக் கைது செய்தார்கள். அவர்களில் 15 பேர் உயிரோடு திரும்பவில்லை.

பிஷப் வில்சனை அக்டோபர் 17-ஆம் நாள் கொண்டு போனார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டின் தொடக்கத்தில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தைக் கெம்பித்தாய் தன் நிலையமாக்கி வைத்திருந்தது. வாலிபர் கிறிஸ்துவ சங்கக் கட்டடத்திலேயே ஒரு கிறிஸ்துவப் பேராயரை வைத்து வதைத்தார்கள். ஓராண்டு வெளியே சுற்றியவர், எல்லாரையும் தெரிந்தவர். ஆகவே ஒற்றர் கூட்டத்துக்கு இவர்தான் தலைவர் என்பது அவர்கள் எண்ணம். மூன்று நாள் விசாரணை. பிள்ளைகள் படிக்கும் மலர் ஆதலால் முழுவதையும் எழுதவில்லை. மேசையில் கட்டிவைத்து இருநூறு அடிக்கு மேல் அடித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நடக்க முடியாத நிலையில் தூக்கிக்கொண்டு வந்து அறையில் போட்டார்கள்.

அடிக்கிற நேரத்தில் அவர்களில் ஒருவன் கேட்டானாம், இன்னுமா கடவுளை நம்புகிறாய் என்று. நம்புகிறேன் என்றார். அப்படியானால் உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதானே! நாமும் கேட்டிருப்போம். அவர் சொன்ன பதிலின் கருத்து இது: காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார், வலியிலிருந்து விடுவித்து அல்ல, வலியைத் தாங்கும் மனத்தைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்.

தம்மை அடித்தவர்களின் முகத்தைப் பார்த்தபோது என்ன தோன்றியது என்பதையும் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1946 அக்டோபரில் பி.பி.சி. வானொலியில் அவர் ஆற்றிய பிரசங்கத்தில் அது வருகிறது. அந்த முகங்கள் கல்லாக, கொடூரமாக இருந்தனவாம். சிலர் அடிப்பதை ரசிக்கவும் செய்தார்களாம். வெறுப்பு வராமல் இருக்கவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். அப்போது அவர்களை இப்போது இருப்பவர்களாகப் பார்க்காமல், ஒரு காலத்தில் தாய் தகப்பன் மடியில், அண்ணன் தங்கையோடு விளையாடிய சின்னப் பிள்ளைகளாகப் பார்த்தாராம். சின்னப் பிள்ளையை வெறுப்பது கஷ்டம் என்றார். ஆனால் அதுவும் போதவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். நாளைக்குத் திருந்தினால் இவர்கள் எப்படி இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்த பிறகே மனம் அமைதியாயிற்றாம். எனக்குப் பிடித்தது அந்தப் 'போதவில்லை' என்ற இடம்தான். மகான்களின் கதையில் ஒரே மூச்சில் எல்லாம் கைகூடிவிடும். இவர் அடிக்கு நடுவே இரண்டாவது முறையும் முயற்சி செய்யவேண்டியிருந்தது.

சிறை அறையில் எட்டு மாதம். காலை முதல் இரவு வரை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்க வேண்டும், பேசக்கூடாது. இரவெல்லாம் விளக்கு எரியும். ஆணும் பெண்ணும் ஒரே அறையில். குடிப்பதற்கும் கழுவுவதற்கும் அறையிலிருந்த கழிப்பிடத்தின் தண்ணீர்தான். எலிசபெத் சோய் அம்மையாரும் நவம்பரிலிருந்து இதே வதைக்கூடத்தில் 193 நாள் இருந்தார். உடனிருந்த ஒரு சீனர் கிறிஸ்துவராக விரும்பியபோது அந்தக் கழிப்பிடத் தண்ணீரைக் கொண்டே பிஷப் ஞானஸ்நானம் கொடுத்தார். கருகிய சோற்றுப் பருக்கைகளை வைத்துக்கொண்டு, காவலாளி பார்க்காத நேரத்தில், நற்கருணை வழிபாடு நடத்தினார். கோயில் என்றால் கோபுரமும் மேளமும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

இங்கே கட்டுரையைச் சற்று நிறுத்திவிட்டு நம் பக்கம் திரும்புகிறேன். மாணவர்கள் இந்த மூன்று தேதிகளையும் குறித்துக்கொள்ளலாம்.

1943 அக்டோபர் 17: பிஷப்பைச் சாங்கியிலிருந்து கொண்டு போன அதே நாள்தான் சயாம்-பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் காட்டுக்குள் ஒன்று சேர்ந்தன. 415 கிலோமீட்டர் நீளப் பாதை. சுமார் 16 மாதத்தில் போட்டு முடித்தார்கள். மலாயாவிலிருந்து அங்கே கொண்டு போகப்பட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

1943 அக்டோபர் 21: ஆர்ச்சர்ட் ரோடு ஒய்.எம்.சி.ஏ.யிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். மண்டபத்தில் ஆரவாரம் கூரையைப் பிய்த்தது. மறுநாள் அக்டோபர் 22-இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள்.

ஒரே வாரம்! ஒரு கட்டடத்தில் விடுதலை முழக்கம். சாலையின் அந்தப் பக்கத்துக் கட்டடத்தில் அலறல். வடக்கே காட்டில் பெயர் தெரியாத புதைகுழிகள். கேத்தேயில் கை தட்டிய நம் ஆட்களுக்கு எதிரே நடப்பது முழுவதும் தெரிந்திருக்காது. தெரிந்தவர்களும் வாய் திறந்திருக்க முடியாது. வெள்ளைக்காரன் நம்மை அடிமையாக வைத்திருந்தான் என்பது உண்மை. அவனை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர்களை நான் மதிக்கிறேன். எங்கள் தோட்டத்திலும் அந்தப் படையில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த வாரத்தை ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இப்போது ஆயா கதை. எங்கள் பெரியப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். சயாமுக்குப் போனால் கூலி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். ஆயா ஒரு போர்வையும் ஒரு தகரக் குவளையும் கொடுத்து அனுப்பினார். அவ்வளவுதான். கடிதம் இல்லை, செய்தி இல்லை. ஆயா எண்பது வயதுக்கு மேல் இருந்தார். கடைசி வரை தீபாவளிக்கு ஒரு இலை அதிகமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிதில், பிஷப் வில்சன் கதையைப் படித்துவிட்டு, இளமைத் துடுக்கில், ஆயாவிடம் போய்ச் சொன்னேன். "ஆயா, அடிச்சவனையே மன்னிச்சிட்டாராம் ஒரு சாமியாரு" என்றேன். ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவர அடிச்சான், அவரு மன்னிச்சாரு. எம்புள்ளைய நான் எங்கேன்னு போய்த் தேடறது? யாருன்னு மன்னிக்கிறது? ஆளக் காட்டு, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. சொல்லப்போனால் ஆயா பேசியது மன்னிப்புக்கு எதிரான பேச்சே அல்ல என்று இப்போது தோன்றுகிறது. மன்னிப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும், ஒரு பெயர் வேண்டும், என்ன நடந்தது என்று தெரியவேண்டும். பிஷப்புக்கு அதெல்லாம் கிடைத்தது. இரட்டைப் பத்து வழக்கு 1946 மார்ச் 18-ஆம் நாள் சிங்கப்பூரில் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் நடந்தது. கெம்பித்தாயைச் சேர்ந்த 21 பேர் கூண்டில் நின்றார்கள். 8 பேருக்குத் தூக்கு. மூவருக்கு ஆயுள் தண்டனை. மூவருக்குக் குறைந்த கால சிறை. 7 பேர் விடுதலை. யார் அடித்தான், எந்த அறையில், எத்தனை நாள் என்று எல்லாம் பதிவாயிற்று. சயாம் ரயில் பாதை விஷயத்தில் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. எங்கள் பெரியப்பாவைப் போன்றவர்களுக்கு அங்கே கல் இல்லை. நம் ஆட்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் இன்றும் ஆளுக்கொரு கணக்குத்தான்.

மறுபடியும் பிஷப்பிடம் வருவோம். 1944-இல் அவரைக் கைதிகளிடம் திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் குடிமக்கள் கைதிகளைச் சாங்கியிலிருந்து சைம் ரோடு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். போர் முடிந்தபின் சிங்கப்பூரிலேயே சில ஆண்டுகள் பணி தொடர்ந்தார். வெவ்வேறு சபைப் பாதிரிமார்கள் சிறைக்குள் ஒன்றாக இருந்தபோது போட்ட திட்டத்திலிருந்து 1948-இல் டிரினிட்டி இறையியல் கல்லூரி பிறந்தது. வெளியே இருந்தபோது தனித்தனிக் கோயிலில் இருந்தவர்களைக் கெம்பித்தாய் ஒரே கொட்டடியில் போட்டுச் சேர்த்துவைத்தது!

அந்த ஆண்டுகளில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். தம்மை வதைத்தவர்களில் ஒருவருக்கு, அவர் கிறிஸ்துவரான பின், பிஷப் வில்சனே கைவைத்துத் திடப்படுத்தல் சடங்கு செய்தார். அந்த மனிதரின் முகத்தில் கண்ட மாறுதலைப் போல் வேறு எவரிடமும் தாம் கண்டதில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் மன்னித்தார் என்பதற்காக நீதிமன்றம் கதவை மூடிவிடவில்லை. அது ஒரு வழி, இது ஒரு வழி. எலிசபெத் சோய் அம்மையாரும் தம்மைத் துன்புறுத்தியவர்களில் யாருக்கு மரண தண்டனை கொடுக்கலாம் என்று கேட்டபோது பெயர் சொல்ல மறுத்துவிட்டார். போர் இல்லாதிருந்தால் அவர்களும் என்னைப் போல் வீட்டில் குடும்பத்தோடு இருந்திருப்பார்கள் என்பது அவர் கருத்து. அவர் 2006-இல் காலமானார்.

1949-இல் வில்சன் மான்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவானார். 1953-இல் பர்மிங்ஹாம் நகரின் பேராயர். அங்கே அவருக்கு முன் இருந்தவர் கணித மேதையான பிஷப் பார்ன்ஸ். பர்மிங்ஹாமில் 16 ஆண்டு. இந்தப் பகுதியை விரிக்கப் போவதில்லை. பெரிய தொழில் நகரம், ஓயாத வேலை, குழுக் கூட்டம், கட்டட நிதி. நம் பள்ளி வாரியத்தில் இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் போர் வீரர்களை நினைவுகூரும் விழாவில் வழிபாடு நடத்தியவர் என்ற முறையில் நாடு முழுதும் அவரை அறிந்திருந்தது. 1968-இல் அரசாங்கம் அவருக்குக் கே.சி.எம்.ஜி. விருது அளித்தது. மற்றவர்களாக இருந்தால் அந்த விருதோடு பெயருக்கு முன் 'சர்' ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலிக்கன் குருமார்கள் அதைப் போட்டுக்கொள்வது வழக்கம் இல்லை. நம்மூரில் பட்டம் கிடைத்த மறுநாளே பெயர்ப்பலகை மாற்றுவோரை நினைத்துக்கொண்டேன். வேண்டாம், மலர் அவர்கள் கைக்கும் போகும்.

1969-இல் ஓய்வு பெற்று யார்க்‌ஷயர் பகுதிக்குப் போனார். ஓய்வு நீடிக்கவில்லை. ஓராண்டுக்குள், 1970 ஆகஸ்ட் 18-இல், 72 வயதில் காலமானார். 1973-இல் ராய் மெக்கே என்பவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதே 1973-இல் இங்கே மேற்கு மலேசியாவின் ஆங்கிலிக்கன் பேராயராக ஒரு தமிழர் வந்தார்: ஜே. ஜி. சவரிமுத்து அவர்கள். 1942-இல் செல்லையா அவர்களின் தோளில் ஏற்றப்பட்ட பொறுப்பின் தொடர்ச்சியாகவே இதை நான் பார்க்கிறேன்.

பிஷப்பின் மகள் சூசன் கோல்-கிங். மருத்துவராக இருந்து பின்னர் குருப்பட்டம் பெற்றவர். 1998-இல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் எல்லாம் இங்கிலாந்தில் கூடிய மாநாட்டில் அவரைப் பிரசங்கம் செய்ய அழைத்தார்கள். நாள் ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாள். ஜப்பானியப் பேராயர்களும் அந்த மாநாட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் தம் தந்தையார் அந்தச் சிறை அறையில் பட்டதையும் நினைத்ததையும் அவர் எடுத்துச் சொன்னார்.

சிங்கப்பூருக்குப் பள்ளிச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தை 1981-இல் இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் 1984-இல் புதிய கட்டடம் வந்தது. வெளியே நடைபாதை ஓரம் கெம்பித்தாய் நிலையத்தைக் குறிக்கும் நினைவுப் பலகை ஒன்று உண்டு. கடைத்தொகுதிக்கு ஓடும் கூட்டத்தில் கண்ணில் படாது. நின்று தேட வேண்டும். அங்கிருந்து நடந்தே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்குப் போய்விடலாம். பிரசங்க மேடைக்குக் கீழே ஒரு சிறு சிலுவை இருக்கும். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்களின் குண்டு வீச்சில் எரிந்துபோன காவன்ட்ரி பேராலயத்தின் பழைய இரும்பு ஆணிகளைக் கொண்டு செய்த சிலுவை அது. வில்சன் இளம் குருவாக முதன்முதல் பணிக்குப் போனது அந்தக் காவன்ட்ரி பேராலயத்தில்தான். அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது சுவரையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

காஞ்சனபுரிக்கு நானும் ஒரு முறை போய் வந்தேன். ஆயா தந்தனுப்பிய குவளையின் ஜோடிக் குவளை எங்கள் வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது.